கொடி தினத்தன்று நான் உட்கார்ந்த நாற்காலி

என்னைப் பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கன்னம் ஒட்டவில்லை, முடி கொட்டவில்லை, கண்ணுக்கு மை தீட்டினால் இப்போதும் எடுப்பாகத்தான் இருக்கும். பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்தால், வயசான ஆள் நிற்கிறது, எழும்பிக் கொடுத்தால் என்னவாம் என்று பின்னால் முணுமுணுப்பு கேட்கும். என் கால்கள் தண்ணீரில் ஊறிய பஞ்சு மூட்டை மாதிரிக் கனக்கின்றன என்று எழுந்து நின்று விளக்கம் சொல்ல முடியுமா? எழுந்து நின்றால், நிற்க முடிகிறதே என்பார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு சன்னல் வழியே கண்டிக் குளத்தைப் பார்த்தபடி வருவேன்.

நோய்க்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர். சுருக்கி எம்.எஸ். என்கிறார்கள். தமிழிலும் ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்கிறவர் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். நான் இப்படித்தான் சொல்வேன்: கரண்ட் வயரை எலி கடித்தால் மேலுறை போய்விடும், பல்பு ஒருநாள் எரியும், ஒருநாள் மினுங்கும், ஒருநாள் எரியவே எரியாது. என் நரம்புகளின் மேலுறையை என் உடம்பே கடிக்கிறது. முதலில் போனது கண். வேலை செய்கிற சட்டத்தரணியின் அலுவலகத்தில் காணி உறுதிப் பத்திரம் ஒன்றை டைப் செய்துகொண்டிருந்தபோது இடது கண்ணில் புகை மூட்டியது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். பிறகு கால். அடங்கும், திரும்பவும் வரும், எப்போது எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றார் டொக்டர். சூடு பட்டால் கைகால் அடம்பிடிக்கும், உடம்பு குளிர்ந்தால் திரும்ப வழிக்கு வரும் என்றும் சொன்னார். குளிர் ஊரான கண்டியில் இருப்பதற்கு அந்த ஒரு விஷயத்தில் சந்தோஷப்பட்டேன்.

வேறு விஷயங்களில் சந்தோஷப்பட முடியவில்லை. எங்கள் வீடு மலைச்சரிவில் இருக்கிறது. ரோட்டிலிருந்து படியேறித்தான் போக வேண்டும். இந்த ஊரில் பாதிப்பேருக்கு அப்படித்தான். ஊன்றுகோல் பிடித்தால் நூறு கேள்வி வரும் என்று நீளக் குடையை ஊன்றி நடக்கப் பழகிக்கொண்டேன். நினைத்தால் மழை பெய்கிற ஊரில் குடையைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்?

கணவர் பக்கத்து ஊரான கம்பளையில் தன் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருந்தார். சமதரை. வாசலில் ஒரு படிகூட இல்லையாம். அவர் அந்த வீட்டைப் பற்றி ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படி இல்லாத வீடு என்றால் என்ன அர்த்தம்? சக்கர நாற்காலிக்குத் தோதான வீடு என்று அர்த்தம். வராத விருந்தாளிக்கு இப்போதே பாய் விரிக்கச் சொல்கிறீர்களா என்று கத்தியிருக்கிறேன். அவர் பதிலுக்குக் கத்தாத மனிதர். அதிலும் எனக்குக் கோபம்தான்.

மகள் அப்போது ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் போனில் நோயின் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள். வரிசையாகச் சக்கர நாற்காலியில் இருக்கிற பெண்களின் படங்களாக வந்தனவாம். உங்களுக்கும் அப்படி ஆகுமா என்று கேட்டாள். ஆகாது என்றேன். அவள் முகம் தெளியவில்லை. மாவு பிசைந்த கையைக் கழுவிவிட்டு வந்து, அவள் தலையில் வைத்துச் சத்தியம் பண்ணினேன். டொக்டரே பண்ணத் துணியாத சத்தியம். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. நானும் வீடு மாறுகிற பேச்சைக் கிட்டவே விடவில்லை. மாறினால் பிள்ளை தலையில் அடித்த சத்தியம் என்ன ஆவது?

இன்னொரு நாள் காலையில் கை மரத்துப்போயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு எழுந்து வந்தாள். கையை மடக்கித் தலைக்கு வைத்துத் தூங்கியிருக்கிறாள், அவ்வளவுதான். அவள் பல் துலக்கி முடிப்பதற்குள் கை சரியாகிவிட்டது. எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் வருமா என்று கேட்டபோது, வாய்ப்பு குறைவுதான் என்றுதான் டொக்டர் சொன்னார். இல்லை என்று சொல்லவில்லை.

கொழும்பில் இருந்த எம்.எஸ். சங்கத்தோடு நான் ஒட்டிக்கொண்டதற்கு மகளின் அந்தக் கைதான் காரணம். நாடு முழுவதற்குமான சங்கம். அரிசி பருப்புக் கொடுக்கிற சங்கம் அல்ல. இந்த நோயைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டிக் கொடுப்பதுதான் அதன் வேலை. நம் நாட்டில் இந்த நோய் அபூர்வம், அபூர்வம் என்பதால் நம் ஆட்களைப் பற்றிய ஆராய்ச்சியும் அபூர்வம் என்று செயலாளர் எனக்குப் போனில் விளக்கினார். இன்று உண்டியலில் காசு விழுந்தால் நாளைக்கு எனக்கு மாத்திரை வந்துவிடும் என்று நம்புகிற பச்சைப்பிள்ளை இல்லை நான். ஆனால் மகளுக்கு என் வயது வரும்போது யாராவது எதையாவது கண்டுபிடித்திருக்க வேண்டாமா? எனக்கு வேண்டியிருந்தது அதுதான். கண்டியில் கொடி தினம் வைக்கப் போகிறோம், தமிழும் சிங்களமும் பேசத் தெரிந்த, நோயை அனுபவிக்கிற ஒருவர் மேசையில் இருந்தால் நல்லது என்றார் அவர். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

கொடி தினம் நம் ஊருக்குப் புதிது இல்லை. காகிதக் கொடியைச் சட்டையில் குண்டூசியால் குத்திவிட்டு உண்டியலை நீட்டுவார்கள், போகிறவர்கள் போட்டுவிட்டுப் போவார்கள். அந்தச் சனிக்கிழமை எங்கள் மேசையை மார்க்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடை வாசலில் போட்டிருந்தார்கள். கடை முதலாளி அலவத்துகொடயிலிருந்து வருகிற ஹாஜியார். இடம் கொடுத்ததோடு மேசையும் அவர்தான் கொடுத்தார். மகளுக்குக் காலையில் டியூஷன். கொடி விற்கப் போகிறேன் என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

குடையை ஊன்றி நடந்து போய் மேசைக்குப் பின்னால் நின்றேன். செயலாளர் என்னைவிட மூத்தவர், பளிச்சென்ற கைத்தறிச் சேலை, எல்லோரையும் வேலை வாங்கத் தெரிந்தவர். சனம் நின்று பானரை வாசித்தது, போய்விட்டது. பத்திரிகையைக் கக்கத்தில் வைத்திருந்த ஒருவர் மட்டும், யாருக்கு இந்த நோய் என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். சிரித்தார். உண்டியலைத் தாண்டிப் போய்விட்டார்.

செயலாளர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சங்கத்தின் வேனிலிருந்து ஒரு சக்கர நாற்காலியை இறக்கச் சொன்னார். மடித்து வைத்திருந்த புது நாற்காலி, சக்கரத்தில் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கிழிக்கப்படவில்லை.

"தங்கச்சி, கொஞ்ச நேரம் இதில இருங்களேன். நீங்க ஒண்ணும் சொல்லத் தேவையில்ல. சனம் தானா விளங்கிக்கும்."

எனக்கு இது தேவையில்லை மெடம் என்றேன். தெரியும், ஆனால் தேவைப்படுகிற எத்தனையோ பேர் வீட்டுக்குள்ளே கிடக்கிறார்கள், அவர்களுக்காக என்று நினையுங்கள் என்றார். ஆராய்ச்சி நடக்க வேண்டுமென்றால் உண்டியல் நிறைய வேண்டும், உண்டியல் நிறைய வேண்டுமென்றால் நான் உட்கார வேண்டும். வருடக்கணக்காக எந்தப் பொருளின் பெயரைக்கூட வீட்டில் சொல்ல விடாமல் வைத்திருந்தேனோ, அதில் மார்க்கட் வாசலில் போய் உட்கார்ந்தேன். குடையை விரித்து வெயிலை மறைக்கப் பார்த்தேன். பானர் மறைகிறது என்று செயலாளர் அதை வாங்கி வேனில் வைத்துவிட்டார். வேன் பேராதனைப் பக்கம் அடுத்த மேசைக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு உண்டியல் சும்மா இருக்கவில்லை. சனம் நின்றது. குரலைத் தாழ்த்தியது. என்னைப் பற்றி என் தலைக்கு மேலே செயலாளரிடம் கேட்டது: பேச்சு வருமா, சாப்பாடு ஊட்ட வேண்டுமா, பிள்ளைகள் இருக்கிறார்களா? எனக்கு வாய் இருக்கிறது என்று சொல்ல நாக்கு துடித்தது. தலதா மாளிகைக்குக் கும்பிட வந்த வெள்ளைச் சேலைச் சிங்களப் பெண்கள் "அனே, பவ்" என்று உருகினார்கள். பாவம் என்பதை எந்த மொழியில் கேட்டாலும் முதுகு கூசுகிறது. அவர்களில் ஒரு வயதான பெண் தன் கையிலிருந்த, விகாரையில் ஓதிக் கட்டிய பிரித் நூலைக் கழற்றி என் மணிக்கட்டில் கட்டிவிட்டாள். பழைய பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி கூடையோடு வந்தவள் என்னைப் பார்த்து அழவே ஆரம்பித்துவிட்டாள். அவளுடைய தங்கை இருப்பது கம்பளையில். நான் வீடு போய்ச் சேருமுன் செய்தி அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

இதற்குள் ஹாஜியார் தெம்பிலி இளநீர் ஒன்றை வெட்டி வாங்கி அனுப்பினார். அல்லாஹ் லேசாக்கி வைப்பான், குடிங்க என்று அவரே வந்து சொன்னார். வெள்ளைச் சேலைப் பெண்கள் பிளேன்டீ வாங்கித் தந்தார்கள். அழுதவள் பக்கத்துக் கடையில் பால் வாங்கி ஆற்றிக் கொடுத்தாள். புண்ணியத்துக்குக் கொடுக்கிற கையைத் தட்டக் கூடாது என்று வளர்ந்தவள் நான். வேண்டாம் என்றால் கொடுத்தவருக்கு வரவேண்டிய புண்ணியத்தைப் பறித்த பாவம் என்பார் என் அம்மா. எல்லாவற்றையும் குடித்தேன். இந்த நோய்க்காரர்களுக்குப் பொதுவான இன்னொரு தொல்லை இருக்கிறது, யாரும் பானரில் போடாத தொல்லை: மூத்திரம் முட்டிவிட்டால் அடக்க முடியாது. அதை நினைத்துத்தான் நான் வெளியே போனால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அன்று தெம்பிலி, தேத்தண்ணீர், பால் எல்லாம் வயிற்றில்.

கழிப்பறை தூரத்தில் இல்லை. ஹாஜியார் கடை மேல்மாடியில் இருந்தது. எழுந்து போனால் பத்து எட்டு, கைப்பிடியைப் பிடித்து ஏறினால் மாடி. ஆனால் எப்படி எழுவது? நூல் கட்டியவள் எதிர்க் கடையில்தான் நிற்கிறாள். பால் கொடுத்தவள் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் என் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நாற்காலியோடு போகலாம் என்றால் வாசலிலேயே படி, உள்ளே இன்னும் படி. நடக்கத் தெரிந்தவள் நாற்காலியில் இருப்பதால் நடக்க முடியாது. நாற்காலியில் இருப்பவளுக்கு இந்த ஊரில் போக இடம் கிடையாது. புலி வாலைப் பிடித்த கதை. செயலாளரைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னேன். வேன் வரட்டும், இப்போது வந்துவிடும் என்றார். கடையின் நிழல் சுருங்கி வெயில் என் மடிக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன்.

வேன் வரவில்லை. எதிர்ப்பக்கம் டியூஷன் விட்டு வருகிற பெண்பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். நடுவில் என் மகள். அவள்தான் முதலில் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. சிநேகிதிகள் ஏதோ கேட்டார்கள், அவள் காதில் விழவில்லை. திரீவீலர்களுக்கு நடுவே புகுந்து இந்தப் பக்கம் வந்தாள். நாற்காலிக்கு முன்னால் நின்று சக்கரத்தைப் பார்த்தாள், என் கால்களைப் பார்த்தாள்.

"எப்ப இருந்தும்மா?"

அழவில்லை. குரல்கூட உயரவில்லை. நான் வீட்டில் படியேறி நடித்துக்கொண்டு, இங்கே வந்து உண்மையாக இருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நூல் கட்டியவளும் பால் கொடுத்தவளும் எக்கேடோ கெடட்டும் என்று தோன்றிவிட்டது.

"ஒண்ணுமில்லடி, சும்மாதான் உட்கார்ந்திருக்கேன். இந்தா எந்திரிக்கிறேன், பாரு."

கைப்பிடியை அழுத்தினேன். கைகள் எழும்பின, தோள் எழும்பியது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் நடக்கவில்லை. கால்கள் இரண்டும் யாரோ கொண்டுவந்து வைத்த விறகு போல நாற்காலியின் முன்னால் இருந்தன. வெயிலில் அத்தனை நேரம் இருந்ததில் பல்பு எரியாமல் நின்றுவிட்டது. திரும்பவும் முயன்றேன். சுற்றி நின்றவர்கள் வேண்டாம், வேண்டாம், இருங்க என்று கையைக் காட்டினார்கள். செயலாளர் குனிந்து என் காதருகே வந்தார்.

"எழும்பாதீங்க தங்கச்சி. நல்லாத்தான் போகுது, இன்னும் கொஞ்ச நேரம்தான்."

"முடியல மெடம்."

அவர் தலையை ஆட்டினார். நான் நன்றாக நடிக்கிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்தது அந்த ஒரு தரம்தான். உண்மையைச் சொல்லியும் நம்ப ஆள் இல்லை. மகள் மட்டும் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு மட்டும் விளங்கியது.

பாத்ரூம் போகணும் என்றேன். அவள் புத்தகப் பையைச் சிநேகிதியிடம் கொடுத்தாள், பிரேக் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து விடுவித்தாள், கடைப் பக்கம் தள்ளினாள். வாசல் படியில் சக்கரம் முட்டி நின்றது. ஹாஜியார் கல்லாவை விட்டு எழுந்து வந்து ஒன்றும் கேட்காமல் வெளியே குரல் கொடுத்தார். மார்க்கட்டில் மூட்டை தூக்கும் நாட்டாமைகள் நான்கு பேர் வந்தார்கள். நாற்காலியோடு என்னைத் தூக்கி, பார்த்து, பார்த்து என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, தேரில் சாமியை ஏற்றுகிற மாதிரி மாடிக்கு ஏற்றினார்கள். கீழே சனம் அண்ணாந்து பார்த்தது. மேலே போய்ச் சேரும்போது நேரம் கடந்துவிட்டது.

உள்ளே கதவைச் சாத்திவிட்டு மகள் என் சேலையைக் களைந்தாள். நான் அவளுக்குச் சின்ன வயதில் செய்ததையெல்லாம் அவள் எனக்குச் செய்தாள், முகத்தைச் சுளிக்காமல், என் கண்ணையும் பார்க்காமல். கீழே இறங்கிப் போய் ஒரு சீத்தைத் துணிப் பாவாடையும் சேலையும் துவாயும் வாங்கி வந்தாள். பிறகு குழாயைத் திறந்து, கண்டிக் குழாயின் அந்தப் பச்சைத் தண்ணீரில் துவாயை நனைத்து என் கழுத்திலும் தொடையிலும் வைத்துக்கொண்டே இருந்தாள். குளிர்ந்தால் திரும்ப வரும், நான் வாசிச்சிருக்கேன் என்றாள். நான் படங்களை மட்டும்தான் பார்த்தாள் என்று நினைத்திருந்தேன். இத்தனை நாளாக எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நன்றாகக் குளிர்ந்த பிறகு முதலில் பெருவிரல் அசைந்தது, பிறகு முழங்கால் மடங்கியது.

கைப்பிடியைப் பிடித்து நடந்தே இறங்கினேன். பின்னால் நாட்டாமைகள் வெறும் நாற்காலியைத் தூக்கி வந்தார்கள். வாசலில் நின்றவர்கள் வாய் அடைத்துப் பார்த்தார்கள். நடக்கிறாளே என்று யாரோ சொன்னார்கள். புதுச் சட்டை போட்ட ஒருவர் நெஞ்சிலிருந்த காகிதக் கொடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனார். செயலாளரின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அவர் மேல்கூடக் கோபம் வரவில்லை. மேசையைப் பிடித்து நின்று, சிங்களத்திலும் தமிழிலும் நான் சொல்ல வந்ததைச் சொன்னேன்: இது வரும், போகும், காலையில் நடந்து வந்தேன், நடுவில் முடியவில்லை, இப்போது முடிகிறது, நாளைக்குத் தெரியாது. இதுதான் நோய், இதைத்தான் ஆராய வேண்டும் என்று கேட்கிறோம். சிலர் நகர்ந்துவிட்டார்கள். நூல் கட்டிய வயதான பெண் நகரவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, தன் பேத்திக்கும் ஒரு கொடி குத்தச் சொன்னாள்.

வேன் வந்ததும் குடையை வாங்கிக்கொண்டு மகளோடு திரீவீலரில் வீட்டுக்கு வந்தேன். படிக்கட்டின் அடியில் இறங்கி, வழக்கம்போல் குடையை ஊன்றி முதல் படியில் கால் வைத்தேன். அவள் பின்னால் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், கீழே நின்று படிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து ஓடி ஏறி ஓடி இறங்கிய படிகள். தூக்க எத்தனை ஆட்கள் வேண்டும் என்று அவள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது.

"அப்பா சொன்ன அந்தக் கம்பளை வீடு, இன்னும் சும்மாதான் இருக்குதாம்மா?"

என் சத்தியத்தை அவள் ஒரு சொல்லில்கூடக் குத்திக்காட்டவில்லை. கேட்டுப் பார்ப்போம் என்றேன். பிறகு குடையை அவளிடம் கொடுத்துவிட்டு, அக்கம்பக்கத்தில் யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.